புத்தகம் பேராசிரியரிடம் இருக்கிறதா? பல்கலைக்கழக நூலகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகலைக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ புதிதாகச் சேர்ந்தவர்கள் நூலகத்தில் தடுக்கி நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். தேடிய புத்தகம் கணினிப் பட்டியலில் இருக்கும். பக்கத்தில் 'செக்டு அவுட்' என்று போட்டு, திருப்ப வேண்டிய தேதி ஐந்து மாதம் தள்ளி இருக்கும். கவுன்டரில் கேட்டால் "அது ஃபேகல்டிகிட்ட இருக்குங்க" என்பார்கள். பாதிப் பேர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. அந்தப் புத்தகம் இன்னும் நூலகத்தின் சொத்துதான், அதைக் கேட்டு வாங்க வழியும் இருக்கிறது. அந்த வழியைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன். மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழக, கல்லூரி நூலகங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். எத்தனை புத்தகம், எத்தனை நாள் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் முதல் வேலை, உங்கள் நூலகத்தின் விதிமுறைத் தாளைக் கேட்டு வாங்குவது. சில இடங்களில் கையேடாகத் தருவார்கள், சில இடங்களில் இணையதளத்தில் ஒரு மூலையில் கிடக்கும். இரண்டு பக்கம்கூட இராது. அதை ஒருமுறை முழுக்கப் படித்தவர், அதே வளாகத்தில் ஐந்து வருடம் இருந்தவரைவிட அதிகம் தெரிந்தவராகிவிடுவார்.

சேர்ந்த வாரமே முடிக்க வேண்டியவை

அடையாள அட்டை கையில் வந்ததும் நூலக உறுப்பினர் படிவத்தைப் பூர்த்தி செய்யுங்கள். புகைப்படம், துறைத்தலைவர் கையெழுத்து, ஆய்வாளர் என்றால் நெறியாளர் கையெழுத்து, காப்புத்தொகை கட்டிய ரசீது ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். படிப்பு முடிந்து பணத்தைத் திரும்பக் கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

படிவம் கொடுக்கும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பட்டியலில் உள்நுழைய என் கடவுச்சொல் என்ன? ரினீவல், அதாவது தவணை நீட்டிப்பு, இணையத்திலேயே செய்யலாமா, புத்தகத்தை நேரில் கொண்டுவர வேண்டுமா? வேறொருவர் எடுத்திருக்கும் புத்தகத்துக்கு முன்பதிவு செய்ய முடியுமா? மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

பட்டியலினத்து மாணவர்களுக்குப் பல நிறுவனங்களில் புக் பாங்க் தனியாக உண்டு. பாடப்புத்தகங்களைப் பருவம் முழுவதற்கும் தருவார்கள், வழக்கமான எண்ணிக்கைக் கணக்கில் அது சேராது. அறிவிப்புப் பலகையில் ஒட்டாமலே விட்டுவிடும் இடங்களும் உண்டு, அதனால் நீங்களே கேளுங்கள்.

தேடும்போது

இங்கே நிறைய நூலகங்களில் ஓடுவது கோஹா என்ற மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சிறு ஊர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. இலவசம் என்பதால் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வேறு மென்பொருளாக இருந்தாலும் திரையில் பார்க்க வேண்டியவை ஒன்றே: கால் நம்பர் (அலமாரியில் புத்தகத்தின் இடத்தைச் சொல்லும் எண்), அக்செஷன் நம்பர் (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் போடும் தனி எண்), நிலை (உள்ளே இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா).

தமிழ்ப் புத்தகம் தேடுவது தனிக் கலை. ஒரே நூலகத்தில் சில பதிவுகள் தமிழ் எழுத்திலும் சில பதிவுகள் ஆங்கில எழுத்திலும் இருக்கும். ஆங்கிலத்தில் உள்ளிட்டவர் திருக்குறளுக்கு ஒரு 'க்' போட்டாரா இரண்டு போட்டாரா, 'எச்' சேர்த்தாரா இல்லையா என்பது அவருக்கே வெளிச்சம். தலைப்பில் கிடைக்காவிட்டால் ஆசிரியர் பெயரில் தேடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் பதிப்பகத்தின் பெயரில் தேடிப் பாருங்கள். கணினியில் இல்லை என்பதால் புத்தகமே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய நூல்களின் பதிவுகள் கணினிக்கு ஏறாமலே இருக்கும் நூலகங்களும் உண்டு.

அதனால் உங்கள் பொருளுக்கான எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு அலமாரிக்கே போவது நல்லது. நூல்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி முறையில் தமிழ் மொழி 494.811, தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்நாட்டு வரலாறு 954.82. இலக்கியத்தில் அதற்கடுத்த இலக்கம் 1 என்றால் கவிதை, 2 நாடகம், 3 புனைகதை. கோலன் என்ற இன்னொரு வகைப்பாட்டு முறை உள்ள பழைய நூலகம் என்றால் தமிழ் இலக்கியம் 'ஓ' என்ற ஆங்கில எழுத்தோடு 31 என்ற எண்ணில் இருக்கும். அந்த முறை நம்மூரில் பிறந்தது. மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். அங்கே வேலை செய்துகொண்டே உருவாக்கிய முறையை 1933இல் அச்சில் கொண்டுவந்தார்.

அலமாரியில் தேடிய புத்தகம் இல்லாவிட்டால், இரண்டு பக்கமும் ஒரு கை அகலத்துக்குப் பாருங்கள். மேல் தட்டில் படுக்கவைத்தவற்றையும், வாசிப்பு மேசைகளில் அடுக்காமல் கிடப்பவற்றையும் பாருங்கள். 'இருக்கிறது' என்று கணினி காட்டி, அலமாரியில் இல்லாத புத்தகங்களில் கணிசமானவை இந்த மூன்று இடங்களில்தான் அகப்படும்.

எடுப்பது, நீட்டிப்பது

முதுகலை மாணவருக்கு இரண்டு வாரம், ஆய்வாளருக்கு ஒரு மாதம் என்பது பரவலான வழக்கம். ரெஃபரன்ஸ் நூல்கள், கட்டுப் போட்ட பழைய இதழ்கள், ஆய்வேடுகள் வெளியே போகாது. சில நூலகங்களில் ரெஃபரன்ஸ் பிரதியை மாலையில் மூடும் நேரத்தில் எடுத்து, காலையில் திறந்ததும் திருப்பும் ஓவர்நைட் முறை இருக்கிறது. தேர்வுக்கு முந்தைய வாரம் தவிர மற்ற நாட்களில் அதற்குப் போட்டியே கிடையாது.

புத்தகத்தை வாங்கியதும் கவுன்டரிலேயே புரட்டிப் பாருங்கள். கிழிசல், காணாமல் போன பக்கம், பேனாக் கிறுக்கல் இருந்தால் ஊழியரிடம் காட்டி உள்ளே சிறு குறிப்பு எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் திருப்பும்போது அது உங்கள் தலையில் விழும். திருப்பிய பிறகு உங்கள் கணக்கிலிருந்து அந்தப் புத்தகத்தின் பெயர் போய்விட்டதா என்றும் அன்றே பாருங்கள்.

ஆசிரியர்களுக்கு ஏன் அவ்வளவு நாள்?

உங்களுக்குப் பதினைந்து நாள், அவருக்கு ஆறு மாதமா என்று கோபம் வருவது இயல்பு. ஆனால் காரணம் இருக்கிறது. ஒரு பாடத்தை நடத்துகிறவருக்கு அந்தப் புத்தகம் பருவம் முழுக்கத் தேவை. நூலோ ஆய்வுத் திட்டமோ எழுதுகிறவருக்கு ஒரே புத்தகத்துக்கு வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருபது புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கவுன்டருக்கு வா என்றால் வேலை நடக்காது. அதனால்தான் ஒரு பருவம், சில இடங்களில் ஒரு கல்வியாண்டு என்று தருகிறார்கள். நீண்ட தவணையில் தவறே இல்லை என்பதுதான் என் கருத்து. அதன் மறுபாதியான 'வேறு யாராவது கேட்டால் திருப்பித் தர வேண்டும்' என்ற விதி தூங்கிவிடும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. அந்த விதி அநேகமாக எல்லா நூலக விதிமுறைகளிலும் இருக்கும்: தேவைப்பட்டால் எந்த நேரத்திலும் எந்த நூலையும் நூலகர் திரும்பக் கேட்கலாம். விதிமுறைத் தாளைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆசிரியர்களுக்குப் பல இடங்களில் தாமத அபராதம் கிடையாது. மாணவருக்கு ஓடும் மீட்டர் அவர்களுக்கு ஓடாது. நினைவூட்டக் கடிதம் போனாலும் அதைக் கண்டிப்போடு பின்தொடர நூலக ஊழியர்களுக்குத் தயக்கம் இருக்கும். நாளை அதே பேராசிரியர் நூலகக் குழுவில் உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? ஆக, யாரும் கேட்காத வரை புத்தகம் நகராது. யாரோ ஒருவர் எழுத்தில் கேட்டுவிட்டால், ஊழியர் கையிலும் ஒரு காரணம் கிடைக்கிறது. அவர் சொந்த விருப்பில் கேட்கவில்லை, வாசகர் கேட்டதால் கேட்கிறார் என்றாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம். 'ஃபேகல்டிகிட்ட இருக்கு' என்பது எப்போதும் ஓர் ஆளிடம் இருக்கிறது என்று பொருள்படாது. துறை நூலகத்துக்கு மொத்தமாகக் கொடுத்ததாக இருக்கலாம். ஆய்வுத் திட்ட நிதியில் வாங்கி, நூலகத்தில் அக்செஷன் போட்டு, திட்டம் நடத்தும் ஆசிரியரின் அறையிலேயே வைத்ததாகவும் இருக்கலாம். துறைக்குப் போனது என்றால் துறை அலுவலகத்தில் கேட்டாலே அலமாரியைத் திறந்து காட்டுவார்கள். எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கும் முறை

1. வேறு பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நூலுக்கு இரண்டு பதிவு போட்டிருப்பது சகஜம். பழைய பதிப்பு, ரெஃபரன்ஸ் பிரதி, பல்கலைக்கழகத்தின் இன்னொரு வளாகம் எல்லாவற்றையும் பாருங்கள். ஓர் இயல்தான் தேவை என்றால் பத்து வருடப் பழைய பதிப்பே போதும்.

2. முன்பதிவு செய்யுங்கள். பட்டியலில் உள்நுழைந்தால் 'பிளேஸ் ஹோல்டு' என்ற பொத்தான் இருக்கும். சில நூலகங்கள் அதை மூடி வைத்திருப்பார்கள். அப்போது கவுன்டரில் சொல்லிப் போடச் சொல்லுங்கள். இதை ஒரு சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். ஒரு புத்தகத்துக்கு முன்பதிவு விழுந்தால், அதை வைத்திருப்பவர் மறுபடி ரினீவல் செய்வதைக் கோஹா வழக்கமாகத் தடுத்துவிடும். வருடக்கணக்கில் ஓரிடத்தில் இருக்கும் புத்தகங்கள் இருப்பது ரினீவலின் தயவில்தான். அந்தச் சங்கிலியை அறுக்க உங்கள் ஒரு கிளிக் போதும்.

3. திருப்பும் தேதி ரொம்பத் தள்ளி இருந்தால் நூலகருக்கு ஒரு சிறு கடிதமோ மின்னஞ்சலோ கொடுங்கள். நூலின் பெயர், அக்செஷன் நம்பர், எதற்குத் தேவை, எப்போதைக்குள் தேவை என்று நான்கு வரி. கீழே நெறியாளர் கையெழுத்து இருந்தால் வேகம் கூடும். 'திரும்பக் கேட்டுத் தர வேண்டுகிறேன்' என்ற சொற்கள் இருக்கட்டும். யாரிடம் இருக்கிறது என்று கடிதத்தில் கேட்காதீர்கள். அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் நூலகத்துக்குக் கிடையாது, உங்களுக்கு அது தேவையும் இல்லை.

4. யாரிடம் இருக்கிறது என்று தானாகவே தெரிந்துவிட்டால் (சிறிய வளாகத்தில் தெரியாமல் இருக்காது) நேரில் கேட்கலாம். முதலில் உங்கள் நெறியாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு துறைகளுக்கு நடுவே உங்களுக்குத் தெரியாத பழைய கணக்குகள் இருக்கக்கூடும். 'லைப்ரரியில் சொன்னாங்க, உங்ககிட்டதான் இருக்காம்' என்று ஆரம்பித்தால் சொன்ன ஊழியருக்குத்தான் வம்பு. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"வணக்கம் மேடம். நான் வரலாற்றுத் துறையில் முதலாம் ஆண்டு ஆய்வாளர். நீங்கள் இந்தப் பொருளில் வேலை செய்கிறீர்கள் என்று சார் சொன்னார். இந்தப் புத்தகத்தின் மூன்றாம் இயல் எனக்கு வேண்டியிருக்கிறது. உங்களிடம் இருந்தால், உங்களுக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு நாளில் உங்கள் அறையிலேயே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ளட்டுமா?"

பெரும்பாலான ஆசிரியர்கள் புத்தகத்தையே கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதோடு அந்தப் பொருளில் வேறு என்ன படிக்கலாம் என்று அரை மணி நேரம் பேசவும் செய்வார்கள். அரிய புத்தகத்தை ஆறு மாதமாக வைத்திருப்பவர், அந்த வளாகத்தில் அந்தப் பொருளை நன்கு தெரிந்தவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் அவர் கையிலிருந்து நேராக வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இருவருமாகக் கவுன்டருக்குப் போய், அவர் பெயரில் திருப்பி உங்கள் பெயரில் எடுப்பதே முறை. முடியாவிட்டால் கொடுத்த தேதியைக் குறிப்பிட்டு இருவருக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

5. இருப்புச் சரிபார்ப்புக் காலத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கல்வியாண்டு முடியும்போது ஆசிரியர்கள் எடுத்த நூல்களை நேரில் கொண்டுவந்து காட்டச் சொல்லும் நூலகங்கள் பல. அன்று காட்டிவிட்டு அன்றே மறுபடி தன் பெயரில் எடுத்துப் போய்விடுவார்கள். முன்பதிவு அதற்கு முன்பே விழுந்திருந்தால் புத்தகம் கவுன்டரிலேயே உங்களுக்காக நிற்கும். எப்போது வருகிறது என்று ஊழியரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சரிபார்ப்பு வெறும் கெடுபிடி அல்ல. மத்திய அரசு நிறுவனங்களுக்கான 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 215ஆம் விதி இதைப் பற்றியது. 20,000 நூல்கள் வரை உள்ள நூலகம் ஆண்டுதோறும் முழுமையாக எண்ண வேண்டும். 50,000 வரை என்றால் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது எண்ண வேண்டும். அதற்கு மேல் என்றால் மூன்றாண்டுக்கு மிகாத இடைவெளியில் மாதிரிச் சரிபார்ப்பு. ஓராண்டில் வாசகர் எடுத்த, பார்த்த ஆயிரம் நூல்களுக்கு ஐந்து வரை காணாமல் போவதை, நேர்மைக்கேடோ அலட்சியமோ காரணமாக இல்லாதபோது, இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். ஆனால் 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால் விசாரணை நடந்தே தீர வேண்டும். நூலகர்கள் ஒரு புத்தகத்துக்காக ஏன் இவ்வளவு பதறுகிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

அதுவரை காத்திருக்க முடியாதவர்களுக்கு

உங்கள் நிறுவனம் டெல்நெட் உறுப்பினர் என்றால், நூலகர் மூலம் வேறு ஊர் நூலகத்திலிருந்து புத்தகம் வரவழைக்கலாம். 1988இல் தில்லியில் தொடங்கிய வலையமைப்பு அது. சந்தா கட்டிவிட்டு யாரும் பயன்படுத்தாத நிறுவனங்களில் நீங்கள் கேட்டால் நூலகரே சந்தோஷப்படுவார்.

சென்னைக்கு வர முடிந்தால் கன்னிமாரா நூலகத்தில் கேளுங்கள். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைப் பெறும் நூலகங்களில் அதுவும் ஒன்று. பழைய தமிழ் அச்சு நூல்கள் என்றால் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்ததைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே நூலகமாக அமைத்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் ஒருமுறை தேடிவிடுங்கள். ஊரை விட்டுக் கிளம்ப வேண்டிய அவசியமே இல்லாமல் போகலாம்.

பிறர் ஆய்வேடுகளுக்கு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளம் இருக்கிறது. நீங்கள் தேடும் புத்தகம், அதை எழுதியவரின் ஆய்வேட்டிலிருந்து உருவானது என்றால், அந்த ஆய்வேடே முழுதாக அங்கே கிடைக்க வாய்ப்புண்டு. ஒரு இயலை நகலெடுப்பது பற்றிப் பயப்பட வேண்டாம். சொந்த ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டை 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. முழுப் புத்தகத்தையும் ஸ்பைரல் போடுவது வேறு கதை.

அதே புத்தகத்தை இன்னொரு பிரதி வாங்கச் சொல்லியும் பரிந்துரைப் படிவம் கொடுக்கலாம். முன்பதிவு வரிசையில் நாலு பேர் நிற்பது பதிவில் இருந்தால் நூலகக் குழுவிடம் அதைவிட வலுவான வாதம் கிடையாது.

நீங்களே ஆசிரியராகச் சேர்ந்திருந்தால்

நீண்ட தவணை இப்போது உங்கள் கையில். பருவத் தொடக்கத்தில் எடுத்தவற்றின் பட்டியலை அச்செடுத்து அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். எந்தப் பாடத்துக்காக எடுத்தீர்களோ அந்தப் பாடம் முடிந்ததும், தேதி மிச்சமிருந்தாலும், திருப்பிவிடுங்கள். நூலகப் புத்தகங்களை உங்கள் சொந்தப் புத்தகங்களோடு கலந்து அடுக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப் போனவற்றுக்குத் தனித் தட்டு இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: உங்கள் பெயரில் எடுத்த புத்தகத்தை உங்கள் ஆய்வு மாணவருக்குக் கொடுக்காதீர்கள். 'சார், என் கார்டுல கோட்டா முடிஞ்சுது, உங்க பேர்ல எடுத்துக்கட்டுமா?' என்று பாசமாகத்தான் கேட்பார்கள். அவர் விடுதி நண்பருக்குக் கொடுப்பார், நண்பர் படிப்பை முடித்து ஊருக்குப் போய்விடுவார். நாலு வருடம் கழித்துக் கணக்கில் நிற்பது உங்கள் பெயர். கோட்டா போதவில்லை என்றால், ஆய்வாளர்களுக்கு எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லி நூலகக் குழுவுக்கு எழுதுங்கள்.

திரும்பக் கேட்டு நினைவூட்டல் வந்தால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பக்கம் ஒரு முதலாண்டு மாணவர் நிற்கிறார். இன்னும் பத்து நாள் கட்டாயம் வேண்டும் என்றால் அதையே பதிலாக எழுதுங்கள், வரிசையில் இருப்பவருக்குச் சொல்லிவிடுவார்கள். பருவம் முழுக்க வகுப்பே அந்தப் புத்தகத்தைத் தேடும் என்றால் உங்கள் பிரதியை ரெஃபரன்ஸ் பகுதியில் வைக்கச் சொல்லிவிடலாம்.

நோ டியூஸ்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவும், மாற்றுச் சான்றிதழ் வாங்கவும், ஆசிரியர் என்றால் பணிமாறுதலுக்கும் ஓய்வுக்கும் நூலகத்தின் நோ டியூஸ், அதாவது பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று, வேண்டும். கடைசி நாளில் போய் நின்றால் உங்கள் கணக்கில் எப்போதோ திருப்பிய புத்தகம் ஒன்று நிலுவையில் நிற்கக்கூடும். அதனால் மூன்று மாதம் முன்பே கணக்குப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். திருப்பியதாக உறுதியாக நினைவிருந்தால், கால் நம்பரை எழுதிக்கொண்டு ஊழியரோடு அலமாரிக்குப் போங்கள். பல நேரம் புத்தகம் தன் இடத்திலேயே இருக்கும், ஸ்கேன் ஆகாமல் அடுக்கியிருப்பார்கள்.

உண்மையிலேயே தொலைந்துவிட்டால் மறைக்க வேண்டாம். அதே நூலின் அதே பதிப்பையோ புதிய பதிப்பையோ வாங்கிக் கொடுக்க அனுமதி கேளுங்கள். இல்லாவிட்டால் விலையும் அதற்கு மேல் ஒரு தொகையும் கட்டச் சொல்வார்கள், பல இடங்களில் இரண்டு மடங்கு. அச்சில் இல்லாத நூல் என்றால் வாங்குவதற்கு முன் நூலகரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் நீங்கள் அலைந்து பிடித்த பிரதியை ஏற்பார்களா என்பது அவர் முடிவு. கட்டியதும் ரசீது, கணக்கிலிருந்து அந்தப் பதிவை நீக்கியதற்கான சான்று இரண்டையும் வாங்கிய பிறகே நோ டியூஸ் படிவத்தை நீட்டுங்கள்.